அடைமொழி

தொடக்க விழா காலை 10 மணிக்கு என்று நோட்டீஸில் போட்டிருந்தது. சிறப்பு விருந்தினர் பதினொன்றே முக்காலுக்கு வந்தார். மகளிர் செஸ் போட்டி ஒன்றில் நான் கண்ணால் பார்த்தது இது. எந்த ஊர், எந்த ஆண்டு என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் ஒரு ஊர்க்காரர்தான் கோபித்துக்கொள்வார். சொல்லாவிட்டால் பத்து ஊர்க்காரர்கள் ‘எங்களைத்தானே சொல்றீங்க?’ என்று கேட்பார்கள். எனக்குப் பத்துப் பேர் வேண்டும்.

செஸ்ஸில் தாமதத்துக்கு மன்னிப்புக் கிடையாது. குறித்த கெடுவுக்குள் நாற்காலியில் வந்து உட்காராத பெண், ஒரு காயையும் தொடாமலே தோற்றவள். பஸ் பஞ்சர், மழை, வயிற்றுவலி, எதுவும் செல்லாது. அந்த விதியை அச்சடித்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். அதே சுவருக்குக் கீழேதான் அறுபது எழுபது பெண்கள், காய்களை அடுக்கிவைத்துவிட்டு, ஒன்றே முக்கால் மணி நேரம் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தாமதமாக வந்தவருக்குப் பொன்னாடை போர்த்தினார்கள்.

அவர் பேசினார். பெண்கள் நாட்டின் கண்கள் என்றார். செஸ் ஆடினால் பெண் பிள்ளைகளுக்கு நிதானம் வரும், நாளைக்குக் குடும்பம் நடத்த அது கைகொடுக்கும் என்றார். கைதட்டல். பையன்கள் ஆடும் போட்டியில் யாராவது எழுந்து, ‘தம்பிகளா, நல்லா செஸ் ஆடுங்க, நாளைக்கு மாமியாரைச் சமாளிக்கலாம்’ என்று பேசி நான் கேட்டதில்லை. பிறகு முதல் பலகைக்கு வந்து முதல் காயை நகர்த்தினார். வெள்ளை பிஷப்பைத் தூக்கி, முன்னால் நின்ற சிப்பாயின் தலைக்கு மேலே தாண்டவைத்து, பலகையின் நடுவில் கொண்டுபோய் இறக்கினார். பிஷப் தாண்டாது. தாண்டுவது குதிரை. பிளாஷ் மின்னியது. போட்டோகிராபர், ‘சார், இன்னொரு வாட்டி’ என்றார். இன்னொரு வாட்டியும் தாண்டியது. பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்ணுக்குப் பதினைந்து வயது இருக்கும். முகத்தில் ஒரு சலனம் இல்லை. அவர் அடுத்த பலகைக்கு ஆசி வழங்க நகர்ந்ததும், பிஷப்பை எடுத்துப் பழைய கட்டத்தில் வைத்து, விரல் நுனியால் கட்டத்தின் நடுவுக்குத் தள்ளிச் சரிசெய்தாள். அவ்வளவு பழக்கம்.

மறுநாள் பேப்பரில் அந்தப் படம் வந்தது. விருந்தினர் பெயர் இருந்தது. அவருக்கு இடப்பக்கமும் வலப்பக்கமும் நின்றவர்கள் பெயர் இருந்தது. ஆடிய பெண்ணின் பெயர் இல்லை.

நம் டவுன் பஸ்ஸில் ஒரு பக்கத்து இருக்கைகளுக்கு மேலே ‘மகளிர்’ என்று எழுதியிருக்கும். மறுபக்கம் ‘ஆண்கள்’ என்று யாரும் எழுதிவைக்கவில்லை. ஆனால் ஒரு பெண் அங்கே போய் உட்கார்ந்து பார்க்கட்டும். ‘அதான் உங்களுக்குன்னு தனியா சீட்டு குடுத்திருக்கில்ல, அங்க போக வேண்டியதுதானே’ என்று ஒரு குரல் பின்னாலிருந்து வந்தே தீரும். எழுதிவைத்த இடம் பெண்ணுக்கு. எழுதாமல் விட்ட இடமெல்லாம் ஆணுக்குப் பாத்தியதை. இந்திய செஸ்ஸும் இந்த டவுன் பஸ்தான். ‘தேசிய மகளிர் சாம்பியன்ஷிப்’ என்று ஒரு போட்டி. ‘தேசிய சாம்பியன்ஷிப்’ என்று இன்னொரு போட்டி. முதலாவதற்கு அடைமொழி தேவைப்பட்டது. இரண்டாவது அடைமொழி இல்லாமலே கம்பீரமாக நிற்கிறது. அது எல்லோருக்கும் திறந்த போட்டி என்று விதிப்புத்தகம் சொல்லும். செஸ் ஒலிம்பியாடிலும் அப்படித்தான்: ஒன்று ‘ஓபன்’, மற்றது மகளிர். நம் பத்திரிகைகள் மட்டும் ஓபன் பிரிவை விடாப்பிடியாக ‘ஆண்கள் அணி’ என்றே எழுதுகின்றன. ஹங்கேரியின் ஜூடித் போல்கர் பல ஒலிம்பியாடுகளில் ஆடியது அந்த ‘ஆண்கள் அணி’யில்தான். அவரை எந்தப் பாலில் சேர்ப்பது என்பதை உதவி ஆசிரியர்கள்தான் முடிவுசெய்ய வேண்டும்.

தேசிய சாம்பியன்ஷிப் 1955இல் ஆந்திரத்தின் ஏலூரில் தொடங்கியது. பெண்களுக்கும் ஒன்று நடத்தலாமே என்ற ஞானோதயம் 1974இல் பெங்களூரில் வந்தது. நடுவில் 19 ஆண்டுகள். அத்தனை ஆண்டும் பெண்கள் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்றால், ஆடிவிட்டு வந்தவர்களுக்குக் காபி போட்டுக்கொண்டிருந்தார்கள்.

1974இல் பட்டத்தை வென்றவர் மும்பையின் வாசந்தி காடில்கர். ‘நவாகாள்’ என்ற மராத்தி நாளேட்டின் ஆசிரியர் நீலகண்ட காடில்கரின் மகள். வாசந்தி, ஜெயஸ்ரீ, ரோகிணி என்று அந்த வீட்டில் மூன்று பெண்கள். முதல் பல ஆண்டுகள் கோப்பை அந்த வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. அலமாரித் தட்டு மாறியிருக்கும், அவ்வளவுதான். இளையவள் ரோகிணி 1976இல் மகளிர் சாம்பியன் ஆனபோது வயது 13. அதோடு நின்றிருந்தால் ஒரு பொன்னாடையோடு கதை முடிந்திருக்கும். அந்தப் பெண் நிற்கவில்லை. அதே ஆண்டு, அடைமொழி இல்லாத பெரிய போட்டிக்குப் போய் உட்கார்ந்தாள்.

வந்ததே ஆத்திரம்! தேசத்தின் மிகக் கூர்மையான மூளைகள் என்று பெயரெடுத்தவர்கள், பாவாடை சட்டை வயதுப் பெண் ஒருத்தி எதிர் நாற்காலியில் உட்காருவதைத் தாங்கமுடியாமல் தவித்தார்கள். பத்து நகர்த்தல்களை முன்கூட்டியே கணக்குப் போடுகிறவர்களுக்கு இந்த ஒரு நகர்த்தல் மட்டும் கணக்கில் வரவில்லை. விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது. ஒரு சின்னப் பெண் செஸ் ஆடலாமா கூடாதா என்பதை இந்தக் குடியரசில் நீதிபதி சொல்ல வேண்டியிருந்தது. ஆடலாம் என்று ஆனது. ரோகிணி ஆடினாள். அந்தப் போட்டியில் குஜராத்தின் மாநில சாம்பியன், மகாராஷ்டிரத்தின் மாநில சாம்பியன், மேற்கு வங்கத்தின் மாநில சாம்பியன் என்று மூன்று பேரைத் தோற்கடித்தாள். எது நடந்துவிடும் என்று பயந்தார்களோ அதுவே நடந்தது. பயந்தவர்கள் முட்டாள்கள் இல்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த ரகளை உலகச் செஸ் கூட்டமைப்பு வரை எட்டியது. அப்போது அதன் தலைவர் மாக்ஸ் யூவே, முன்னாள் உலக சாம்பியன். தேசியப் போட்டியிலோ சர்வதேசப் போட்டியிலோ பெண்களைத் தடுக்கக்கூடாது என்று அவர் தீர்ப்புச் சொன்னார். நியாயவான்தான். ஆனால் அவருக்கு இதில் சொந்த அனுபவமும் உண்டு.

1929இல் கார்ல்ஸ்பாட் நகரில் ஒரு பெரிய போட்டி. உலகின் முன்னணி ஆட்டக்காரர்கள் நடுவே ஒரே ஒரு பெண், வேரா மெஞ்சிக். இரண்டு ஆண்டுகளுக்கு முன்புதான் முதல் மகளிர் உலக சாம்பியன் ஆகியிருந்தார். வியன்னாவைச் சேர்ந்த ஆல்பர்ட் பெக்கர் என்பவருக்கு ஒரு நகைச்சுவை உதித்தது. இந்த அம்மாளிடம் தோற்கிறவர்களையெல்லாம் சேர்த்து ‘வேரா மெஞ்சிக் கிளப்’ என்று ஒன்று தொடங்கலாம் என்றார். எல்லோரும் சிரித்தார்கள். கிளப்பின் முதல் உறுப்பினராகச் சேர்ந்தவர் ஆல்பர்ட் பெக்கர். பிறகு உறுப்பினர் பட்டியல் நீண்டது. இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போய்ப் பெரும் பெரும் தலைகளைச் சாய்த்த மீர் சுல்தான் கானும் சேர்ந்தார். மாக்ஸ் யூவே இரண்டு முறை தோற்று, உறுப்பினர் அட்டையைப் புதுப்பித்துக்கொண்டார். பெண்களைத் தடுக்காதே என்று நாற்பது ஆண்டுக்கு மேல் கழித்துச் சொன்னவருக்கு, தடுத்திருந்தால் யாருக்கு லாபம் என்பது நன்றாகத் தெரிந்திருக்கும்.

சுல்தான் கான் என்றதும் இன்னொன்று. அவர் பஞ்சாபின் சர் உமர் ஹயாத் கானின் வீட்டைச் சேர்ந்தவர்; எஜமானரோடு இங்கிலாந்துக்குப் போய், பிரிட்டிஷ் சாம்பியன்ஷிப்பை மூன்று முறை வென்றார். எத்தனையோ கட்டுரைகள், அதிசயங்கள், பெருமூச்சுகள். அவர் மூன்றாவது முறை வென்ற 1933ஆம் ஆண்டிலேயே, அதே வீட்டில் வேலை பார்த்த பாத்திமா என்ற பெண் பிரிட்டிஷ் மகளிர் சாம்பியன்ஷிப்பை வென்றார். அடுத்து வந்தவரைவிட மூன்று புள்ளி அதிகம். ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. வெள்ளைக்கார நாட்டின் தேசியப் பட்டத்தை ஒரு இந்திய வேலைக்காரப் பெண் தட்டிக்கொண்டு வந்த கதை. சுதந்திரப் போராட்ட காலம் வேறு. நியாயமாகப் பார்த்தால் இதற்கு நாம் நான்கு சினிமா எடுத்திருக்க வேண்டும், பள்ளிக்கூடப் பாடத்தில் வைத்திருக்க வேண்டும். உங்களில் எத்தனை பேர் அந்தப் பெயரைக் கேட்டிருக்கிறீர்கள்? எனக்கே சுல்தான் கானைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது ஒரு வரியில்தான் தட்டுப்பட்டது. ஒரு வரியில், கூடவே வந்தவள் மாதிரி.

யூவேயின் தீர்ப்பு காகிதத்தில் பத்திரமாக இருந்தது. பத்தே ஆண்டில், 1986இல், ஹங்கேரியின் சூசன் போல்கர் உலக சாம்பியன்ஷிப்புக்கான மண்டலப் போட்டிக்குத் தகுதி பெற்றார். அனுமதி இல்லை என்றார்கள். போட்டியின் பெயரில் ‘ஆண்கள்’ என்று இருந்ததாம். பெண் வாசலில் வந்து நின்றபோதுதான் அந்த அடைமொழி நினைவுக்கு வந்திருக்கிறது. அதைவிடப் பெரிய கூத்து அதே ஆண்டு நவம்பரில். ஆடிக்கொண்டிருக்கும் பெண்கள் எல்லோருக்கும் ரேட்டிங்கில் இலவசமாக 100 புள்ளி தருவதாக உலகக் கூட்டமைப்பு அறிவித்தது. எல்லோருக்கும், ஒருவரைத் தவிர. அந்த ஒருவர் சூசன் போல்கர். காரணம், அவர் பெரும்பாலும் ஆண்களோடு ஆடி ரேட்டிங் வாங்கியவராம். மற்றப் பெண்கள் தங்களுக்குள் ஆடியதால் அவர்கள் ரேட்டிங் குறைந்துகிடக்கிறதாம். பெண்கள் பட்டியலில் முதலிடத்தில் இருந்த 17 வயதுப் பெண், ஒரு காயையும் நகர்த்தாமல், ஒரு ஆட்டத்திலும் தோற்காமல், 1987 ஜனவரிப் பட்டியலில் இரண்டாம் இடத்துக்கு இறங்கினார். ரேஷன் கடையில் தெரு முழுக்க அரிசி கொடுத்துவிட்டு, ‘உங்க வீட்ல நெல்லு விளையுதே’ என்று ஒரு வீட்டை மட்டும் திருப்பி அனுப்புவார்களே, அந்தக் கணக்கு.

ஆண்களின் கருத்து என்று ஒரு தனி இலக்கியமே இருக்கிறது. 1962இல் அமெரிக்க ஆட்டக்காரர் பாபி பிஷர், உலகில் எந்தப் பெண்ணுக்கும் ஒரு குதிரையை விட்டுக்கொடுத்து ஜெயிப்பேன் என்றார். பிஷர் பிஷர்தான், ஆனால் குதிரையும் குதிரைதானே என்று முன்னாள் உலக சாம்பியன் மிகயீல் தால் பதில் சொன்னதாகச் சொல்வார்கள். உலக சாம்பியனாக இருந்த காஸ்பரோவ், பெண்களுக்கு இந்த ஆட்டம் இயல்பில் வராது என்கிற பாணியில் பல காலம் பேசிக்கொண்டிருந்தார். 2002இல் மாஸ்கோவில் ஜூடித் போல்கரிடம் ரேபிட் ஆட்டத்தில் தோற்றார். பின்னாளில் பேச்சின் சுருதி இறங்கியது. 2015இல் இங்கிலாந்தின் நைஜல் ஷார்ட், ஆண் மூளையும் பெண் மூளையும் வேறு வேறாகப் பின்னப்பட்டவை, அதை ஒப்புக்கொள்வதில் என்ன தயக்கம் என்று எழுதினார். ஜூடித்தோடு அவர் ஆடிய ஆட்டங்களை எண்ணிப் பார்த்தால் அவர் பக்கம் நஷ்டக் கணக்கு. மூளை வேறுதான் போலிருக்கிறது.

இந்தப் பயம் நேற்று வந்ததில்லை. பலகையில் ராஜாவுக்குப் பக்கத்தில் நிற்கும் ராணி, நம் பழைய ஆட்டத்தில் மந்திரி. மூலைவாட்டில் ஒரு கட்டம் நகரும், அவ்வளவுதான் அதன் அதிகாரம். ஐரோப்பாவுக்குப் போனபின் மந்திரி ராணியானது. 15ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்த ராணிக்கு இன்று இருக்கும் வலிமை முழுதும் வந்தது. எட்டுத் திசையும் போகலாம், எத்தனை கட்டமும் போகலாம். இந்தப் புது ஆட்டத்துக்கு பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயரைத் தமிழில் சொன்னால் ‘வெறிபிடித்த சீமாட்டியின் செஸ்’. மரக்கட்டையில் செய்த பெண்தான். அவள் நாலு கட்டம் கூடுதலாக நடந்ததற்கே அந்தப் பெயர்.

நம் பக்கம் மட்டும் என்ன வாழ்ந்தது? திருவாரூர் மாவட்டம் பூவனூரில் சதுரங்க வல்லபநாதர் கோயில் இருக்கிறது. சதுரங்கத்தில் யாராலும் வெல்லமுடியாத ராஜகுமாரி ராஜராஜேஸ்வரி. அவளை ஆட்டத்தில் வெல்பவனுக்கே அவளை மணமுடிப்பதாக அரசன் அறிவித்தான். வந்தவரெல்லாம் தோற்றுப்போனார்கள் என்பது தலபுராணம். பெண் ஜெயித்துக்கொண்டே இருக்கிறாள், ஆகவே அப்பாவுக்குக் கவலை. கடைசியில் சிவபெருமானே சித்தர் வேடத்தில் வந்து ஆடி, ஜெயித்து, கல்யாணம் செய்துகொண்டார். பக்தியில் எனக்குக் குறை ஒன்றுமில்லை. ஒரே ஒரு சந்தேகம். நன்றாக ஆடும் பெண்ணைத் தோற்கடித்து வீட்டுக்கு அழைத்துப்போக ஆள் கிடைக்கவில்லை என்றால் கைலாயத்திலிருந்தே ஆளை வரவழைக்கும் ஊரில், அவள் அடுத்த ரவுண்டு ஆடினாளா என்று யாராவது கேட்டார்களா? தலபுராணம் திருமணத்தோடு முடிகிறது. நம் வீடுகளிலும் அப்படித்தான்.

போட்டி நடக்கும் மண்டபத்துக்கு வெளியே வராந்தாவில் ஒரு முறை உட்கார்ந்து பாருங்கள். பழைய பேப்பரை விரித்து அம்மாக்கள் உட்கார்ந்திருப்பார்கள். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஒரு தெர்மாஸ். உள்ளே ஆட்டம் நாலு மணி நேரம் ஓடும். வெளியே இவர்கள் எழுந்து பாத்ரூம் போகக்கூட யோசிப்பார்கள், அந்த நேரம் பார்த்துப் பெண் அழுதுகொண்டே வெளியே வந்துவிட்டால்? ஒரு அம்மாவின் போனில் அண்ணியோ நாத்தனாரோ பேசிக்கொண்டிருந்தார். ஸ்பீக்கர் இல்லாமலே எல்லோருக்கும் கேட்டது. ‘பிளஸ் ஒன் வந்துட்டா, இன்னும் என்ன வெளாட்டு?’ இந்த அம்மா, ‘சரிங்க, சரிங்க’ என்று சொல்லிக்கொண்டே தெர்மாஸ் மூடியைத் திறந்து திறந்து மூடினார். அதே வீட்டில் ஒரு பையன் இதே ரேட்டிங்கில் இருந்திருந்தால், பிளஸ் ஒன்னில் அவனுக்கு ஸ்பான்சர் தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு பையன் பதினான்கு வயதில் வெளியூர்ப் போட்டிக்கு மற்றப் பையன்களோடு ரயிலேறிவிடுவான். ஒரு டிக்கெட், நாலு பேருக்கு ஒரு ரூம். பெண்ணுக்கு அம்மாவோ அப்பாவோ கூட வர வேண்டும். இரண்டு டிக்கெட், தனி ரூம், ஒருவருக்கு ஒரு வாரச் சம்பளம் போச்சு. செலவு இரண்டு பங்கு, பரிசு பாதிப் பங்கு. பத்து வயதுப் பிரிவில் பெண்கள் கூட்டமாக இருப்பார்கள். பதினாறு வயதில் பார்த்தால் பாதி நாற்காலி காலி. பிறகு நிபுணர்கள் வந்து, உச்சத்தில் ஏன் பெண்கள் குறைவு என்று மூளையைப் பிளந்து பார்க்கிறார்கள். மூளையை விடுங்கள் ஐயா, ரயில் டிக்கெட்டைப் பாருங்கள்.

1988இல் விஸ்வநாதன் ஆனந்த் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். 2025 ஜூலையில் 88ஆவது கிராண்ட்மாஸ்டர் வந்தார். இந்த 88 பேரில் பெண்கள் 4. கொனேரு ஹம்பி 2002இல், ஹரிகா 2011இல், வைஷாலி 2023இல், திவ்யா தேஷ்முக் 2025இல். இந்த நான்கு பேரையும் நாம் எப்படிக் கொண்டாடினோம் என்று பார்ப்போம்.

ஹரிகா 2022இல் மாமல்லபுரம் ஒலிம்பியாடில் நிறைமாதக் கர்ப்பிணியாக ஆடினார். வெண்கலம் வென்ற அணியில் இருந்தார். உடனே தாய்மையின் மகத்துவம் என்று எழுதித் தள்ளினோம். அவர் ஆடிய ஆட்டங்கள் என்ன, எந்தத் திறப்பு ஆடினார் என்று எழுதியவர்களை விரல்விட்டு எண்ணலாம். ஹம்பி குழந்தை பெற்று இரண்டு ஆண்டு ஒதுங்கியிருந்து, திரும்பி வந்து 2019இல் உலக ரேபிட் சாம்பியன் ஆனார். 2024இல் மறுபடியும் ஆனார். ‘குழந்தையை யார் பார்த்துக்கறாங்க?’ என்பது நம் நிருபர்களின் நிரந்தர முதல் கேள்வி. ஆனந்துக்கும் ஒரு மகன் உண்டு. அந்தக் கேள்வி அவருக்கு வந்ததாக நினைவில்லை.

வைஷாலி சென்னைப் பெண். டி.வி. பார்க்கும் பழக்கத்தைக் குறைக்கச் செஸ் வகுப்பில் சேர்த்தார்கள். அக்கா ஆடுவதைப் பார்த்துத் தம்பி ஆட வந்தான். 2013இல், 12 வயதில், சென்னை வந்திருந்த, பின்னர் உலக சாம்பியன் ஆன கார்ல்சனை ஒரே நேரத்தில் பலரோடு ஆடும் காட்சி ஆட்டத்தில் தோற்கடித்தவர். கிராண்ட் ஸ்விஸ் மகளிர் போட்டியை 2023இலும் 2025இலும் வென்றவர். இத்தனைக்குப் பிறகும் நம் தலைப்புகளில் அவர் ‘பிரக்ஞானந்தாவின் அக்கா’. பிரக்ஞானந்தா மேல் எனக்கு வருத்தமில்லை; அருமையான பையன். தலைப்பு போடுகிறவர்கள் மேல்தான். அதற்கும் முந்தியவர் நம் ஊர் எஸ். விஜயலட்சுமி: ஆறு முறை தேசிய மகளிர் சாம்பியன், இந்தியாவின் முதல் மகளிர் கிராண்ட்மாஸ்டர். ஆனந்தைத் தெரியாத குழந்தை இங்கே இல்லை. விஜயலட்சுமி யார் என்று கேட்டால் அடுத்த தெருவில் இருக்கும் ஒரு விஜயலட்சுமியைக் கைகாட்டுவார்கள்.

திவ்யா தேஷ்முக் 2024 ஜனவரியில் நெதர்லாந்தின் வைக் ஆன் ஜீ போட்டியில் ஆடிவிட்டு வந்து ஒன்றை வெளிப்படையாக எழுதினார். பார்க்கிறவர்கள் தன் ஆட்டத்தைப் பேசவில்லை; உடை, தலைமுடி, பேச்சின் உச்சரிப்பு என்று மற்றதையெல்லாம் பேசுகிறார்கள் என்றார். அப்போது வயது 18. நம்மவர்களின் பதில்? ‘இதையெல்லாம் பெரிசு பண்ணாதேம்மா, ஆட்டத்துல கவனம் வை.’ அவள் சொன்னதே அதைத்தானடா, ஆட்டத்தில் கவனம் வையுங்கள் என்று! 2025இல் ஜார்ஜியாவின் படூமியில் மகளிர் உலகக் கோப்பையை வென்று ஒரே தாவலில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். முதல் பரிசு 50,000 டாலர். அதே ஆண்டு கோவாவில் நடந்த அடைமொழி இல்லாத உலகக் கோப்பையின் முதல் பரிசு 1,20,000 டாலர். 2023இல் டிங் லிரன் ஆடிய உலக சாம்பியன்ஷிப் ஆட்டத்துக்கு மொத்தப் பரிசு 20 லட்சம் யூரோ. அதே ஆண்டின் மகளிர் உலக சாம்பியன்ஷிப்புக்கு 5 லட்சம். பலகையில் 64 கட்டம்தான் இரண்டுக்கும். மகளிர் பலகையில் 16 கட்டம் என்று சொல்லியிருந்தால் கால் பங்கு கணக்கு ஒத்துப்போயிருக்கும்.

மகளிர் போட்டியே வேண்டாம், எல்லோரும் ஒன்றாக ஆடட்டும் என்று சிலர் உடனே பாய்ந்து வருவார்கள். சமத்துவக் காவலர்கள். டவுன் பஸ்ஸில் மகளிர் இருக்கையை எடுத்துவிட்டால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். ஒரு பெண்ணுக்கு முதல் பரிசுப் பணம், முதல் விமான டிக்கெட், வீட்டில் வாயடைக்க முதல் கோப்பை, எல்லாம் மகளிர் போட்டியிலிருந்துதான் வருகிறது. அது இருக்கட்டும். ‘மகளிர் கிராண்ட்மாஸ்டர்’ பட்டத்துக்கு 2300 ரேட்டிங் போதும், கிராண்ட்மாஸ்டருக்கு 2500 வேண்டும் என்ற சலுகையைப் பற்றி மட்டும் எனக்கு இரண்டு மனம். பரிசில் பாதியைப் பிடித்துக்கொண்டு பட்டத்தில் தள்ளுபடி தருவது ஆடி மாதக் கடைக்காரர் புத்தி. பட்டத்தில் தள்ளுபடி வேண்டாம், பணத்தில் பிடித்தம் வேண்டாம் என்று ஒரு பெண் கேட்டால் பேராசை என்பார்கள். 2024இல் நார்வே செஸ் போட்டிக்காரர்கள் பெண்களுக்கும் ஆண்களுக்கும் ஒரே பரிசுத் தொகை என்று அறிவித்து, நடத்தியும் காட்டினார்கள். வைஷாலியும் ஆடினார். நார்வே கடலில் மூழ்கிவிடவில்லை.

தேசியப் போட்டி நடத்தும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இரண்டு நோட்டீஸ் அச்சடிக்கும்போது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பரிசுத் தொகை இருக்கும் வரியை மட்டும் உங்கள் மகளை அழைத்து உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். அவள் ஏன் என்று கேட்டால் அவள் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லுங்கள். சிறப்பு விருந்தினரைக் கூப்பிட்டே ஆக வேண்டும் என்றால், பிஷப் எப்படி நகரும் என்று முந்தின நாளே யாராவது சொல்லிக்கொடுங்கள்.

மற்றவர்களுக்கு: உங்கள் தெருவிலும் ஒரு பெண் ஆடிக்கொண்டிருப்பாள். ‘பொண்ணா இருந்தாலும் நல்லா ஆடுது’ என்று சொல்ல வாய் ஊறும். தாராளமாகச் சொல்லுங்கள். சொல்லிவிட்டு எதிர் நாற்காலியில் உட்காருங்கள். வேரா மெஞ்சிக் கிளப்புக்குச் சந்தா கிடையாது, வயது வரம்பு கிடையாது, உலக சாம்பியனாக இருந்தவரே அதில் உறுப்பினர். 10 மணி என்றால் மட்டும் 10 மணிக்கே வந்துவிட வேண்டும்.